கோழிகள் பற்றிய குறிப்பு

நூலகத்துக் கண்ணாடிக் கதவில்
பச்சைத் தாள் ஒட்டியிருந்தது.
கதை எழுதும் பயிலரங்கு.
செவ்வாய்தோறும் மாலை ஏழு மணி, எட்டு வாரம்,
நாற்பத்தைந்தாயிரம் பெசோ.
பன்னிரண்டே பேர். வெள்ளி ஐந்துக்குள் பெயர் கொடுக்கவும்.
கீழே யாரோ பேனாவால்: காபி உண்டு.

புந்தா அரேனாஸில் காற்று எழும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆள் விழாமல் பிடித்து நடக்க.
கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி
அந்தத் தாளை மூன்று தரம் படித்தேன்.

நான் எதெல்மிரா பார்ரியா.
ஜலசந்தியைக் கடக்கும் படகில்
பயணச்சீட்டும் பதிவேடும் என் பொறுப்பு.
பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன்:
வாகனம் இருபத்தொன்று. பயணிகள் எழுபத்து நான்கு.
மேற்குக் காற்று, முப்பது நாட். தாமதம் இல்லை.
இதை எழுத்து என்று யாரும் சொன்னதில்லை,
நான் உட்பட.

ஒரே ஒரு தடவை,
கடல் ஈயம்போலக் கிடந்த ஓர் ஆகஸ்ட் காலையில்,
கை மீறி எழுதிவிட்டேன்:
ஒருத்தி ஐந்து கோழிகளோடு ஏறினாள்.
கரை வரும்வரை அழுதாள்.
கோழிகள் சத்தமே போடவில்லை.

கேப்டன் அளவுகோல் வைத்து
அதன்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.
ஓரத்தில் எழுதினார்: பொருந்தாது.
கோபமெல்லாம் இல்லை. நல்ல மனிதர்,
என் மகனுக்குத் தொட்டில் செய்து தந்தவர்.
கோடு மெல்லியது. எழுத்து இன்னும் தெரிகிறது.
அந்தப் பழைய ஏட்டை எடுத்து
சில நாள் சும்மா பார்ப்பேன்.

அந்தக் காசுக்கு
வண்டி ஹீட்டரைச் சரிபண்ணலாம் என்கிறாள் என் தங்கை இர்மா.
உண்மைதான். இரண்டு குளிர்காலமாக
மடியில் கம்பளி போட்டுத்தான் ஓட்டுகிறேன்.
எஞ்சின் அறை நோல்பெர்த்தோ சொன்னான்:
எழுதத் தெரிந்தால் வகுப்பு எதற்கு?
தெரியாவிட்டால் வகுப்பு என்ன செய்யும்?
இரண்டு கதவையும் சாத்திவிட்டு
டப்பாவிலிருந்து சிப்பி எடுத்துத் தின்றான்.

என் பயம் வேறு.
பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க
நான் அந்த மூன்று வரியைப் படிப்பேன்.
அழகாக இருக்கிறது என்பார்கள்.
அடுத்தவரைப் படிக்கச் சொல்வார்கள்.
கோட்டைத் தாங்கிவிட்டேன்,
அதை எப்படித் தாங்குவது?

அல்லது ஒருவர் கேட்பார்:
அவள் ஏன் அழுதாள்?
தெரியாது. நான் கேட்கவில்லை.
கோழிகளுக்கும் சீட்டு வேண்டுமா என்றாள்,
வேண்டாம் என்றேன், சில்லறை கொடுத்தேன்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.
இதைச் சொல்லிக்கொள்ளவா
நாற்பத்தைந்தாயிரம்?

வெள்ளிக்கிழமை அக்கரையில் மாட்டிக்கொண்டேன்.
போர்வெனீரில் ஐம்பத்திரண்டு நாட் காற்று.
துறைமுகம் மூடல்.
காத்திருப்பு அறையில் விறகடுப்பு,
பெஞ்சில் தூங்கும் லாரிக்காரர்,
சுவரில் நாலே முக்கால்.
படகு போயிருந்தால் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டு
மறந்துபோனேன் என்று சொல்லியிருப்பேன்.
காற்று அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது.

நம்பரை அழுத்தினேன். வைத்துவிட்டேன்.
எம்பனாடா ஒன்று வாங்கிப் பாதி தின்றேன்.
மறுபடி அழுத்தினேன்.

ஓர் இளம்பெண் குரல். ஓர் இடம் இருக்கிறதாம்.
பெயர் சொன்னேன்.
முன்னால் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?
தகரக் கூரை தடதடத்தது.
ஒரு தடவை, என்றேன், கோழிகளைப் பற்றி.
என்ன? கோழி வளர்ப்பா?
அது வியாழக்கிழமை, வேறு வகுப்பு, அதற்குக் கட்டணம் இல்லை.

சிரிப்பு வந்தது. ஒரு நிமிடம்
வியாழனைக்கூட யோசித்தேன்.

செவ்வாய், என்றேன்.
கேட்கவில்லை என்றாள்.
செவ்வாய்!
லாரிக்காரர் திடுக்கிட்டு எழுந்து
படகு வந்துவிட்டதா என்றார்.