பன்னிரண்டாவது மூட்டை

சர்வர் படுத்துவிட்டால்
லிங்கிச் செட்டித் தெருவில் எங்கள் ஆபீசுக்கு
அந்தப் படத்தை விட்டால் வேறு வேலை கிடையாது.

முன்பு இங்கே இருந்த கப்பல் ஏஜெண்டு
வாடகை பாக்கிக்கு விட்டுப்போனது.
சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று
அடிப்பக்கத்தை யாரோ கத்தரித்திருக்கிறார்கள்.
தலைப்பு, தேதி, வரைந்தவன் பெயர்
எல்லாம் அந்த இரண்டு அங்குலத்தோடு போயிற்று.
மிச்சம் இருப்பது கறுப்பு வெள்ளையில் ஒரு கடற்கரை.
மசூலாப் படகுகள், குடை பிடித்த வெள்ளைக்காரி,
தூரத்தில் புகையோ மேகமோ.
பையன் ஒருவன் படத்துக்கு வெளியே
எதையோ கைநீட்டிக் காட்டுகிறான்.
அவன் காட்டும் இடத்தில் எங்கள் வாட்டர் கேன்.

என்ன நாள் இது, சொல்லுங்கள்.
தோற்றவர் டீ வாங்க வேண்டும்.

"எம்டன்" என்றார் கஜபதி, நிமிராமலே.
அவருக்கு எந்தப் புகையும் எம்டன்தான்.
"எம்டன் குண்டு போட்டது ராத்திரி சார்,
இங்கே குடைக்கு நிழல் விழுது பாருங்க."
"அப்போ என் மாமியார் வந்து இறங்கின நாள்.
அதுவும் எம்டன்தான்."

ஹபீபுல்லா பாய் கொடியைத்தான் பார்ப்பார்.
நிறமில்லாத கொடி, மடிந்து வேறு தொங்குகிறது.
பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடித்த வருஷமா
திருப்பிக் கொடுத்த வருஷமா,
மடிப்பு விரிந்தால் சொல்லிவிடலாம் என்று
கண்ணாடிமேல் விரலால் நீவியும் பார்த்தார்.

"கொடிய வுடு பாய்" என்றான் காசிமேட்டு தேசப்பன்.
"படகெல்லாம் மேட்டுல ஏத்திக் கவுத்து வெச்சிருக்கான்.
காத்து வரப்போவுது. இன்னா தேதியா இருந்தா இன்னா,
நாளைக்கு எவனும் கடலுக்குப் போமாட்டான்."

எனக்குச் சரித்திரம் தெரியாது.
பில் ஆஃப் என்ட்ரி அடிக்கிறவள், சரக்கு தெரியும்.
மூட்டைகளை எண்ணினேன்.
நாலின்மேல் நாலு, அதன்மேல் மூன்று.
ஓரத்தில், அடுக்கோடு சேராமல், ஒன்று.
இறக்குகிற ஆள் ஒற்றை மூட்டையை அப்படி விடமாட்டான்.
போனில் பிடித்துப் பெரிதாக்கினேன்.

மூட்டைக்குக் கால்விரல்கள் இருந்தன.

செதுக்கியவன் சாக்குக்கும் வேட்டிக்கும்
ஒரே குறுக்குக்கோடு போட்டிருக்கிறான்.
குடையின் நிழல் அதன்மேல் விழ ஒரு முழம் குறைகிறது.

தூங்குகிறவனாக இருக்கலாம். மதிய வெயில், கூலி ஆள்.
ஆனால் தானியம் கரையில் குவிந்து கிடக்க
ஜனம் பக்கத்திலேயே விழுந்து செத்த
தாது வருஷம் என்று ஒன்றும் உண்டு.
நான் வாய் திறக்கவில்லை.
சொன்னால் ஜெயித்துவிடுவேன்,
அந்த டீயைக் குடிக்க வேண்டி வரும்.

எண்ணூர்ப் பக்கம் கப்பல் மோதிக் கரை கறுத்த வாரம்
என் தம்பி லாசர் வாளியில் எண்ணெய் அள்ளினான்.
அதை யாராவது வரைந்து மாட்டி
அடியில் இரண்டு அங்குலம் கத்தரித்தால்
நூறு வருஷம் கழித்து, இதேபோல் வேலை படுத்த மதியத்தில்,
எவளோ ஒருத்தி அண்ணாந்து பார்ப்பாள்.
வரிசையாக நிற்கிறார்கள். கறுப்பாக எதையோ கைமாற்றுகிறார்கள்.
வெல்லப்பாகா? ஏதாவது திருவிழாவா?
இந்தப் பையன் சிரிக்கிறானே.

சிரித்தான்தான்.
மாஸ்க் கேட்டதற்கு யாரோ கர்சீப் கொடுத்தார்களாம்,
மூலையில் ரோஜாப்பூ போட்டது.

அவளும் எண்ணுகிற வேலைக்காரியாக இருந்தால் தேவலை.
வாளிகளை எண்ணட்டும். அப்புறம் கைகளை.
எத்தனை கைக்கு உறை இல்லை என்று.

"வந்துட்ச்சு, வந்துட்ச்சு" என்றான் தேசப்பன்.
எல்லோரும் நாற்காலிக்கு ஓடினோம்.
டீ யார் தலையில் என்று முடிவாகவில்லை,
கஜபதி ஆபீஸ் கணக்கில் எழுதச் சொன்னார்.

ரங்கூன் துவரை, ஐம்பது கிலோ மூட்டை.
எண்ணிக்கைக் கட்டத்தில் அடித்துவிட்டு
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
பையன் இன்னும் வாட்டர் கேனைத்தான் காட்டிக்கொண்டிருந்தான்.
கேனில் தண்ணீர் தீர்ந்திருந்தது.