மூன்றாவது காரணம்

மேன்முறையீட்டு மனுவில்
மூன்றாவது காரணம் நான்.
பெயர் போடவில்லை,
'நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்' என்று மட்டும்.
பதினெட்டு வருடம்
அந்தப் பெயரில்தான் சம்பளம் வாங்கினேன்.

ஹட்டன் கோர்ட்டில் அன்று மழை.
ஆனாலும் கூண்டிலிருந்து தவமலர் சொன்னது
எனக்கு நன்றாகவே கேட்டது.
மழைமேல் பழி போட மாட்டேன்.
"கத்தியப் புடிச்சேங்கய்யா."
நான் சிங்களத்தில் சொன்னேன்:
கத்தி என் கையில் இருந்தது.
தட்டச்சுக்காரர் நிமிரவில்லை.
நீதவான் எதன் கீழோ ஒரு கோடு இழுத்தார்.
அடுத்தது கசிப்பு வழக்கு.

சொன்னது பொய்யில்லை, அதுதான் சிக்கல்.
கத்தி அவள் கையில்தான் இருந்தது.
பிடி, விஸ்வலிங்கம் கங்காணி கையில்.
அலகு, அவள் கையில்.
கவ்வாத்துக் கத்தி,
அன்று காலையில் தீட்டியது.

சண்டை ஒரு அரைப் பேருக்கு.
இரண்டு கிலோ குறைவென்று
செக்ரோலில் பாதி போட்டுவிட்டான்.
முழுப் பேர் போடுங்க என்று
மலையில் வைத்தே கேட்டுவிட்டாள்,
அத்தனை பேருக்கு முன்னால்.
பக்கத்தில் நின்றவனின் கத்தியைப் பிடுங்கி
அவன் ஓங்க, இவள் பிடிக்க,
அவன் இழுக்க, இவள் தள்ள,
கங்காணியின் முழங்கைக்குக் கீழே நான்கு தையல்.
அதற்கு வைத்தியர் சான்றிதழ் உண்டு.
இவள் உள்ளங்கையில் தேயிலைத்தூளை அப்பி
துணி சுற்றிக்கொண்டு
மறுநாள் கொழுந்துக்குப் போனாள்.
அதற்கு ஒன்றும் இல்லை.

ஆறு மாதம்.

பதினாலு நாளுக்குள் மனுப் போட வேண்டும்.
தீபாவளி முற்பணத்தை
வழக்கேட்டுப் பிரதிக்குக் கட்டிவிட்டு
பதின்மூன்றாம் நாள் மாலை
புருஷன்காரன் ஓடி வந்தான்.
பிள்ளைகளுக்கு அந்த வருடம்
பழைய சட்டை.

சட்டத்தரணி ஃபர்சானா
முப்பத்தோராம் பக்கத்தை என் முன் வைத்தார்.
"புடிச்சேன் என்றால் என்ன ஐயா?"
பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றேன்.
பொலிஸ் பிடிக்கும். பேய் பிடிக்கும்.
ஒருவருக்கு ஒருவரைப் பிடிக்கும்.
விழப்போகிற பிள்ளையைப் பிடிப்போம்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.
"அன்றைக்கு இதில் எது?"

வீட்டில் சொன்னாள், பென்ஷனுக்கு ஏழு மாதம் இருக்கு என்று.
சத்தியக்கடதாசியை மூன்று தரம் எழுதினேன்.
முதல் தரத்தில் 'தவறு' என்ற சொல்லே இல்லை.
இரண்டாவதில் மழை வந்துவிட்டது.
மூன்றாவதில் கையெழுத்திட்டேன்.

நுவரெலியா மேல் நீதிமன்றத்தில்
கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து
விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்,
கேட்டவுடன் காட்டலாம் என்று.
யாரும் கேட்க மாட்டார்கள் என்று
ஃபர்சானா மெல்லச் சொன்னார்.
இங்கே சாட்சி இல்லை,
ஏட்டில் இருப்பதை மட்டும் பார்ப்பார்கள்.
அவள் கையை மடக்கினாள்.
சுண்டு விரல் மட்டும் மடங்கவில்லை.

நீதிபதி முப்பத்தொன்றைப் புரட்டினார்.
என் கடதாசியை அதன்மேல் வைத்துப் படித்தார்.
அரச தரப்பைப் பார்த்துக் கேட்டார்:
"பிடி யார் கையில்?"
அரச தரப்பு முன்னே புரட்டியது, பின்னே புரட்டியது.
இரண்டு வழக்காளர்கள் இருமினார்கள்.
பிடியைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை,
பொலிஸும் கேட்கவில்லை,
நானும்.

இருபத்தேழாம் திகதிக்குத் தவணை.

திரும்பும்போது ஒரே பஸ்.
தலவாக்கலைவரை நின்றுகொண்டுதான்.
வளைவு வளைவாக நடத்துனர் கத்திக்கொண்டே வந்தான்,
நல்லா புடிச்சுக்கங்க, நல்லா புடிச்சுக்கங்க.
அவள் இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
என்னைத் தெரியும் அவளுக்கு,
கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன்.
அவள் முந்திக்கொண்டாள்:

"இருபத்தேழு என்ன கெழமைங்கய்யா?"
வியாழன் என்றேன்.
"அன்னைக்கும் பேர் போயிருமே."