அளப்பது

காலாங் ஆற்றோரம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.
வரைபடத்தில் அது சாம்பல் நிறக் கோடு.
கோட்டுக்கு மேலே விலை.
கீழே, எவ்வளவு ஆழமென்று
யாரும் சத்தியம் செய்யாத கடற்களிமண்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதவேண்டும்:
குத்தகைக்காரருக்கு எப்படிப் பணம் கொடுப்பது.

மொத்தமாகப் பேசி முடிக்கலாம்.
ஒரே தொகை, ஒரே கையெழுத்து,
தோண்டும்போது எது வந்தாலும் அவர் தலையில்.
திருவாட்டி குவெக்குக்கு இதுதான் பிடிக்கும்.
"ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்."
தூங்கலாம்தான், நாம்.
தாரில் எங்கே அரை விரல் குறைக்கலாமென்று
விழித்திருந்து கணக்குப் போடுவது அவர்.

"பார்க்காத மண்ணை எங்களிடம் விற்றீர்கள்,"
என்றார் நசீமுதீன் போன மாதம்,
அவர்கள் பக்கத்துக் கணக்காளர்.
தேநீர் ஆறும்வரை
எனக்குப் பதில் வரவில்லை.

அல்லது அளந்து கொடுக்கலாம்,
தோண்டியதற்கு, கொட்டியதற்கு, கனமீட்டருக்கு இவ்வளவென்று.
அன்றைக்கே பள்ளத்துக்குப் பசி பிடிக்கும்.
தினமும் ஒரு சாண் கீழே போகும்.
தமிழில் அளப்பதற்கு இரண்டு பொருள்:
நாடாவின் ஒரு முனையில் ஒருவர் அளப்பார்,
மேசைக்கு அந்தப்பக்கம் இன்னொருவர் அளப்பார்.
பதினாறு வருடமாக இரண்டுக்கும் நடுவில்
நான் சம்பளம் வாங்குகிறேன்.

மூன்றாவது வழியும் உண்டு:
ஆன செலவைக் கொடுத்து, மேலே நூற்றுக்கு எட்டு.
சொல்லி முடிக்குமுன்
திருவாட்டி குவெக் தலையை ஆட்டிவிட்டார்,
குறுக்காக.

அன்று ராத்திரி ஒன்றரை மணி.
போன வருடம் மொத்தத் தொகைக்குப் போட்ட சாலை.
ஒரு தடத்தை மூடி, ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே
அந்தோணிராசு துளையிட்டான்.
கருங்குழவிபோல் வெளியே வந்தது சாலையின் ஒரு துண்டு,
சூடாக, நீர் சொட்டச் சொட்ட.
நூற்றைம்பது மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.
மூன்று முறை அளந்தேன்.
நூற்று முப்பத்திரண்டு.

"உனக்கு எப்படிக் கூலி?" என்று கேட்டேன்.
"முன்னாடி நாளுக்கு, மேடம்.
இப்ப ஓட்டைக்கு இவ்வளவு."
"எது பரவாயில்லை?"
முகத்துச் சேற்றை முழங்கையால் வழித்தான்.
"நாள்கூலின்னா மேஸ்திரி என்னைத் திட்டுவாரு.
ஓட்டைக் கணக்குன்னா
நானே என்னைத் திட்டிக்குவேன்."
சொல்லிக்கொண்டே
கருவியை அடுத்த குறிக்கு உருட்டினான்.
விடிவதற்குள் இன்னும் ஆறு.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன்:
மண்ணுக்குக் கீழே அளந்து கொடுக்கவும்.
மண்ணுக்கு மேலே மொத்தத் தொகை,
ஆனால் துண்டு எடுத்துப் பார்த்த பிறகே.
நூற்றுக்கு ஐந்தை
ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பிடித்துவைக்கவும்.
'மண் நம் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை' என்று
கடைசியில் ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.
காகிதம் பறக்காமலிருக்க
மேலே அந்தச் சாலைத்துண்டை வைத்தேன்.
திருவாட்டி குவெக் முதலில் துண்டைத்தான் தூக்கிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் பேருந்து அந்த வழியாகத்தான்.
ஓட்டையை அடைத்த இடத்தில் சக்கரம் ஒரு முறை குதித்தது.
கைப்பேசியிலிருந்து யாரும் நிமிரவில்லை.
அடுத்த ஓட்டையிலும் குதித்தது.
அடுத்ததிலும்.

துளைப்பதற்கு விலை எழுதியவள் நான்.
அடைப்பதற்கு
எழுதியிருக்கவில்லை.