முப்பத்தெட்டு

பதினாறு வருஷமாக மணலியில் குழாய் மாட்டுகிறேன்.
மஞ்சள் பட்டை, பச்சைப் பட்டை, சிவப்பு அம்பு.
உள்ளே என்ன ஓடுகிறதென்று
ஒரு குழாயும் என்னிடம் சொன்னதில்லை.
சூப்பர்வைசரைக் கேட்டால்
"உனக்கு வெளிவிட்டம் போதும்பா" என்பார்.

இது நாலு அங்குல பிவிசி.
என் காசு, என் ரம்பம்.
காலடிப்பேட்டை மொட்டைமாடியில்
சின்டெக்ஸ் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
மூன்று வரிசை.
சாணுக்கொரு ஓட்டையாகப் பதினெட்டு.
ரசமட்டத்துக் குமிழி
ஒரு நூல் மேற்கே ஒதுங்கினால் சரி.
கூடச் சரிந்தால் தண்ணீர் ஓடிவிடும்,
குறைந்தால் குந்திவிடும்.

மோட்டார் கொளத்தூரில் வாங்கினேன்.
"எத்தினி மீனு?" என்றான் கடைக்காரன்.
"மீன் இல்ல, சிறுகீரை."
பில்லில் மீன்தொட்டி என்றே எழுதினான்.

மெத்தைக் கடைக் கழிவு ஸ்பாஞ்சைத்
தீப்பெட்டி அளவில் நறுக்கிக்கொண்டே
கோமளா கேட்டாள்:
"மண்ணு இல்லன்னா
வேரு எதப் புடிச்சிக்கும்?"
"ஒண்ணையும் புடிச்சிக்காது. தொங்கும்."
"கான்ட்ராக்ட் லேபர்னு சொல்லு."

உரம் இரண்டு பாட்டில், ஏ, பி.
நேருக்கு நேர் ஊற்றினால்
வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.
ஒரு முறை ஊற்றிப் பார்த்துத்தான் தெரிந்தது.
இருநூற்றைம்பது ரூபாய்ச் சுண்ணாம்பு.

ஒன்பதாம் நாள்
இஸ்திரிப்பெட்டி பட்டதுபோல்
இலை நுனியெல்லாம் கருகியது.
வெயில் என்றேன், எண்ணூர்ச் சாம்பல் என்றேன்,
மாடியில் சிகரெட் பிடிக்கும் மூன்றாம் வீட்டு எபினேசர் என்றேன்.
பேனா மாதிரி ஒரு மீட்டர்
போர் தண்ணீரில் நனைந்து சொன்னது:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
நிலத்துக்கடியில்
கடல் எங்கள் தெருவரை வந்து
எப்போதோ குடியேறிவிட்டிருக்கிறது.
மெட்ரோ தண்ணீரா?
குடிக்கவே குடத்தை எண்ணுகிறோம்.

டி.எச். ரோட்டு ஏடிஎம் பின்சுவரில்
ஏ.சி. குழாய் ஒன்று
பாசி பிடித்த சுவருக்குக்
கடன் கொடுத்துக்கொண்டிருந்தது, சொட்டுச் சொட்டாக.
பழக்கதோஷம், நின்று பார்த்தேன்.
கால் அங்குலம். கிளாம்பு கழன்றிருந்தது.
மீட்டரை நீட்டினேன்:
முப்பத்தெட்டு.

ராத்திரிக் காவல் அருமைநாதன்.
குரூப் ஃபோருக்குப் படிக்கிறான்,
ஏடிஎம் வெளிச்சத்தில், ஏடிஎம் குளிரில்.
"பக்கெட் வெக்கட்டுமா?" என்றேன்.
"பேங்க்ல கேட்டா?"
"காத்துத் தண்ணிப்பா. கணக்குல வராது."
கிளாம்பை முறுக்கிக் கொடுத்தேன்.
விடிவதற்குள் ஒன்றரை பக்கெட்.

எந்தக் காற்று என்பதுதான்
இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றது.
மணலியிலிருந்து வரும் காற்று,
அழுகிய முட்டை வாசம் வீசும் காற்று.
அதைப் பிழிந்தால் முப்பத்தெட்டா?
மீட்டர் உப்பைத்தான் எண்ணும்.
மற்றதை எண்ண மீட்டர் இருக்கிறது,
நான் மாட்டிய குழாய்களின் அந்த முனையில்,
பூட்டிய அறையில்.
கோமளாவிடம் சொன்னேன்.
"அதே காத்த மூக்கால இழுத்துக்கினுதான
இத்தினி நாளு இருந்த,
இப்ப இன்னா?" என்றாள்.
பதில் இல்லை. பக்கெட்டைத் தூக்கினேன்.

கீரை எழுந்தது.
வேர்கள் வெள்ளை வெளேரென்று,
பிரித்துப்போட்ட நைலான் வலை மாதிரி.
மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.
"வெளிச்சம் பட்டா பாசி வரும்னு
நீதான சொன்ன" என்று மூடினாள்.

இருபத்தெட்டாம் நாள் ராத்திரி
சத்தம் நின்று விழித்தோம்.
மோட்டாரின் அந்த ஈச்சத்தம்
இல்லாமல் போனதும் காது முழித்துக்கொண்டது.
கரண்ட் இல்லை. தெருவே இருட்டு.
ஆளுக்கொரு மக்கோடு மேலே ஓடி
வரிசை மாற்றி வரிசை ஊற்றினோம்.
இந்தக் குழாயில்
என்ன ஓடுகிறதென்று எனக்குத் தெரியும்.
முக்கால்வாசி தெரியும்.
கோமளா கொட்டாவி விட்டபடி
"பதினொண்ணாவதுக்கு ஊத்துனியா?" என்றாள்.

கீழேயிருந்து டார்ச் அடித்தது.
இன்வெர்ட்டரில் அவன் ஏ.சி. மட்டும் ஓடுகிறது போல.
"அண்ணே, பக்கெட் ரொம்பிடுச்சி!
ஒரு கட்டு எனக்கு வெய்யி,
ஞாயித்துக்கெழம பரிச்ச."