நாற்பது நிமிடம்

ஏழு பழைய சர்வர்களை
இரண்டு புதியவற்றுள் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.
வெளியே இசாஃபியோர்துர் துறைமுகத்தில் பனிக்காற்று.
உள்ளே விசிறி இரைச்சலில்
ஸ்டெய்னூன் கோர்களை எண்ணுகிறாள்.

மீன் எடைபோடும் மென்பொருளுக்கு
நாலு கோர் தாராளம்.
ஒப்பந்தம் அறுபத்துநாலுக்கும் பணம் கேட்கிறது.
மெய்நிகர் இயந்திரமாம்,
இடம் மாறக்கூடுமாம்:
பதினொன்றாம் பக்கம், பொடி எழுத்து.
மாறவில்லை. மாறக்கூடும்.
அதற்கே கட்டணம்.
பந்திக்கு வரக்கூடியவர் எல்லோருக்கும்
இலை எண்ணிக் காசு வாங்குவதுபோல.

சரி என்று கட்டிப்போட்டாள்.
இடப்பக்க சர்வரை விட்டு
இது நகரக் கூடாது.
விதியைப் படம்பிடித்து, தேதி போட்டு,
தணிக்கைக்காரருக்கென்று எடுத்துவைத்தாள்.

விடிகாலை மூன்று பத்து.
இடப்பக்கம் ஒருமுறை சீறி, அடங்கியது.
துறையில் இரண்டு படகு.
தராசில் ஏறிய காட் மீன் பெட்டி
எண் கிடைக்காமல் நிற்கிறது.
போனில் ஹால்வர்துர் கத்தவில்லை.
"ஐஸ் உருகுது" என்றான்,
அவ்வளவுதான்.

முடிச்சை அவிழ்த்தாள்.
வலப்பக்கம் போய் உட்கார்ந்த மென்பொருள்
ஒன்றுமே நடக்காததுபோல் சொன்னது:
முப்பத்தெட்டு கிலோ இருநூறு.

மின்வழங்கியை மாற்றி
மறுபடி இடப்பக்கம் கட்டியபோது
மணி நாலடிக்க ஐந்து நிமிடம்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

விரிதாளில் ஒரு வரி சேர்த்தாள்.
நேரம். காரணம். நாற்பது நிமிடம்.
'உரிமம்' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று தட்டிவிட்டு
காபி இருக்கிறதா என்று
பார்க்கப் போனாள்.