உட்காரத்தான்

முந்நூற்று நாற்பது பை.
மண் மூன்று பங்கு, மணல் ஒன்று, மக்கிய சாணம் ஒன்று,
கலந்தது நான்தான்.
எமரால்டு அணைக்கு மேலே
சீகை மரம் வெட்டிய சரிவுக்கு
ஊசிக்களா வேண்டுமென்று
ரேஞ்சர் குணபாலன் சொன்ன அன்று சிரித்துவிட்டேன்.
அதை யாராவது வளர்ப்பார்களா சார்,
தொட்ட இடத்தில் மூன்று முள் குத்தும் புதரை?

முதலில் குச்சி நட்டோம்.
வெட்டினால் உள்ளே மஞ்சள்.
கத்தி மஞ்சள், நகக்கண் மஞ்சள்,
மதியம் சோறு பிசைந்தால் கசப்பு.
கல்யாண வீட்டுக்குப் போய் வந்தியா என்றான் ஹாலன்.
இருபது நாளில் குச்சியெல்லாம் அடி கறுத்து
இழுத்தால் வழுவழுவென்று கையோடு வந்தது.

பிறகு பழம்.
சாம்பல் பூத்த கருநீலம்.
நசுக்கினால் ஆள்காட்டி விரலில் மை,
ஓட்டுப் போட்டு வந்த மாதிரி.
பிசைந்து, அலசி, நிழலில் உலர்த்தி
பைக்கு இரண்டு விதை.
தை மாத உறைபனிக்குச் சாக்கு போர்த்தி,
வெயில் வந்ததும் விலக்கி,
மறுபடி சாயங்காலம் போர்த்தி.
சித்திரையில் எண்ணினேன். பதினொன்று.
குனிந்து மறுபடி எண்ணினேன்.
ஒன்று புல்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது.
வேலிக்கு வெளியே வாய்க்கால் அடைத்திருக்கிறதென்று
மண்வெட்டியோடு போனவள்
அப்படியே நின்றேன்.
கம்பிக்கு நேர் கீழே
நூல் பிடித்து நட்டதுபோல்
ஒரே வரிசையில்
ஊசிக்களாக் கன்று.
மூலைத் தூண் வரை குனிந்தே நடந்தேன்.
எழுபத்து மூன்று.
தூண் அடியில் கூட்டமாக.
மேலே, கொண்டை நனைந்த சின்னான் ஒன்று
வாலடிச் சிவப்பு தெரியத் திரும்பி உட்கார்ந்து
என் தலைக்கு ஒரு சாண் தள்ளி
தன் வேலையை முடித்தது.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
விதைத்தவர் பெயர்.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
கோடு போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த வருஷத் தேவைப் பட்டியலில்
பை கேட்கவில்லை, சாணம் கேட்கவில்லை.
கம்பி அறுநூறு மீட்டர்,
கம்பம் எண்பது.
குணபாலன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மாடே ஏறாத சரிவில்
வேலி எதற்கு, லில்லிபுஷ்பம்?

வேலி இல்லை சார்.
உட்காரத்தான்.

யார் என்று அவர் கேட்கவில்லை.
முந்நூறு மீட்டருக்குக் கையெழுத்துப் போட்டார்.

பையில் பிழைத்த பத்தில்
ஒன்று நேற்று முள் வைத்திருக்கிறது.
தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.