மேட்

சம்பளச் சீட்டில் தில்லைநாயகிக்குக் கீழே
எலக்ட்ரீஷியனின் மேட் என்று போட்டிருக்கிறார்கள்.
கேபிள் சுருளைத் தூக்குவது,
ஏணியைப் பிடிப்பது,
கேட்குமுன் ஸ்க்ரூடிரைவரை நீட்டுவது.
பிளிமத்தில் இது ஒரு வேலை.

பேக்கரிக்காரி முதல் நாளே என்னை
மை லவ்வர் என்றாள்.
மிச்சக் காசை எண்ணாமல் ஓடி வந்தேன்.
பல்செட் கட்டிய பாதிரியாரையும்
அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்பது
பிறகுதான் தெரிந்தது.

கீத் ட்ரெகென்ஸா அந்த ரகமில்லை.
அவருக்கு ஒரே சொல்.
கதவைப் பிடித்து நிற்பவன் மேட்.
வேனுக்குக் குறுக்கே புகுந்தவனும் மேட்,
அப்போது மட்டும் அந்த ஓரசை
உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும்.
துருவேறித் திரும்ப மறுக்கும் திருகாணியிடம்
'வா மேட், வந்துடு' என்று கொஞ்சுவார்.
பார்பிகன் படித்துறையில் அவர் பேஸ்டியைப்
பிடுங்கிப் பறந்த கடற்காகத்துக்கும் அதே மரியாதை.
மதியம் போனில் சதுரங்கம் ஆடித் தோற்றால்
போனையே கேட்பார்: 'செக்மேட்டா, மேட்?'

எங்கள் ஊரில் பங்காளி என்று ஒன்று உண்டு.
வரப்பை அரை முழம் தின்று
கோர்ட்டுக்கும் இழுத்தவன் பங்காளி.
டீக்கடையில் காசெடுக்க விடாதவனும் பங்காளி.
எவன் எது என்று குரல்தான் சொல்லும்.

என் ஃப்ளாட்மேட்
பால் பாட்டிலில் தன் பெயரை எழுதி வைக்கிறாள்.
இரண்டு வருடமாக ஒரே ஃப்ரிட்ஜ்.
அவள் பிறந்தநாள் எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் கிடைக்கிற சொல்
எனக்கு மட்டும் வரவில்லை.
நான் 'டில்'.
என் பெயரில் அவர் நாக்குக்கு அகப்பட்டது அவ்வளவுதான்.

டெவன்போர்ட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடம். பிப்ரவரி.
அணைத்து வைத்த ஸ்விட்சைக் கீழே
யாரோ திரும்பப் போட்டுவிட்டார்கள்.
எரியக்கூடாத விளக்கு ஒன்று
நடைக்கோடியில் எரிந்தது.
ஏணி உச்சியில் அவர் விரல்
ஒயருக்கு ஒரு சாண் தூரம்.
'தொடாதீங்க!'
கத்தியது தமிழில்.
தமிழ் தெரியாத கை அந்தரத்தில் நின்றது.

இறங்கி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.
படியில் உட்கார்ந்து
பிளாஸ்க் மூடியில் பாதி டீயை ஊற்றி
என் பக்கம் தள்ளினார்.
அவர் சர்க்கரை போடுவதில்லை.
குடித்தேன்.
மனைவிக்குப் போன் போட்டபோது காதில் விழுந்தது:
'ஒண்ணுமில்ல. என் மேட் பார்த்துட்டா.'

சம்பளச் சீட்டில் இருக்கிற மேட்டா,
மற்றதா என்று
நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஏணியை வேனுக்குத் தூக்கிப்போனோம்.
முன்முனை அவர் தோளில், பின்முனை என் தோளில்.
தோளிலிருந்து தோழனுக்கு
நாக்கு இன்னும் கொஞ்சம் மடங்கினால் போதும்.
மழை பிடித்துக்கொண்டது.
'டில்,' என்றார், 'கதவு.'